பணக்கார நட்பு நாட்டுக்கு வரிப்பணம் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா ஆண்டுதோறும் இஸ்ரேலுக்குக் கொடுக்கும் 380 கோடி டாலரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், கடலூர், புதுச்சேரிப் பக்கம் அது அதோடு நிற்பதில்லை. "நம்ம அரசாங்கம் மட்டும் மாலத்தீவுக்கும் மொரீஷியஸுக்கும் ஏன் கொடுக்குது? இலங்கைக்குக் கொடுத்தோமே, என்ன கண்டோம்?" என்று சீக்கிரமே நம் வீட்டுக் கணக்குக்கு வந்துவிடும். அதனால் இரண்டு கணக்கையும் ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்கிறோம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் பட்டிமன்றத்துக்குக் குறிப்பெடுப்பவர்களுக்கும் இது பயன்படும். எங்கள் கருத்து வரும் இடங்களில் அது கருத்துதான் என்பது தெரியும்படி எழுதியிருக்கிறோம்.

முதலில் நேரடியாகச் சொல்லுங்கள்: கொடுக்கலாமா, கூடாதா?

திரும்பி வராத மானியமாக ஆண்டுதோறும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. பேரிடர் நேர்ந்தால் கொடுக்கலாம். பணமுடை வந்தால் வட்டிக்குக் கடன் தரலாம். ஆயுதம் வேண்டுமென்றால் விற்கலாம். வாங்குபவர் வசதியானவர் என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. அந்தப் பணம் இல்லாமலேயே சமாளிக்கக்கூடிய ஒருவருக்குக் கொடுத்தால், கொடுப்பவருக்கு வரவேண்டிய பிடி, அதாவது சொல்வதைக் கேட்க வைக்கும் பலம், வருவதில்லை. நடந்த கதைகள் இதைத்தான் காட்டுகின்றன.

வெளிநாட்டு உதவி என்றால் பணத்தை அப்படியே தூக்கிக் கொடுப்பதா?

பெரும்பாலும் இல்லை. வாதங்கள் தடம் மாறுவது இங்கேதான். உதவிக்குப் பல வடிவங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் கொடுப்பவருக்கு ஆகும் செலவு வேறு.

மானியம் என்றால் 100 ரூபாய் கொடுத்தால் 100 ரூபாயும் போனது. சலுகைக் கடனில் அசல் திரும்பி வரும். சந்தை வட்டிக்கும் சலுகை வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் செலவு. கடன் உத்தரவாதத்தில் கொடுப்பவர் கையிலிருந்து எதுவும் போகாது. வாங்கியவர் கட்டத் தவறினால்தான் தலையில் விழும். இஸ்ரேலுக்கு அமெரிக்கா 1992-ல் 1,000 கோடி டாலருக்கும் 2003-ல் 900 கோடி டாலருக்கும் உத்தரவாதம் கொடுத்தது இந்த வகை. நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டில் இரு மத்திய வங்கிகள் குறிப்பிட்ட காலத்துக்கு நாணயத்தை மாற்றிக்கொண்டு பிறகு திருப்பிக்கொள்ளும். இவை போக அரிசி, மருந்து, விமானம் என்று பொருளாகவும், பயிற்சியாகவும் போகும். பிற நாட்டு அலுவலர்களுக்கு நம் நாடு நடத்தும் ஐடெக் பயிற்சித் திட்டம் 1964-லிருந்து நடக்கிறது.

"400 கோடி டாலர் உதவி" என்று ஒரு தலைப்புச் செய்தி வந்தால், அதில் எது மானியம், எது கடன் என்று பிரிக்காமல் வாதத்தில் இறங்க வேண்டாம். இறங்கினால் எதிர்த்தரப்பு இரண்டே நிமிடத்தில் மடக்கிவிடும்.

எந்த நாட்டைப் "பணக்கார நாடு" என்பது?

உலக வங்கி ஆண்டுதோறும் ஜூலையில் தலா வருமான அளவுகோலைப் புதுப்பிக்கிறது. 2024 ஜூலை கணக்கில் 14,005 டாலருக்கு மேல் இருந்தால் உயர் வருமான நாடு. பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு வளர்ச்சி உதவி பெறத் தகுதியான நாடுகளின் பட்டியலை வைத்திருக்கிறது. தொடர்ந்து மூன்று ஆண்டு உயர் வருமான வரம்பைத் தாண்டினால் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். 2018-ல் சிலி, உருகுவே, செஷல்ஸ் நீங்கியது இப்படித்தான். ராணுவ உதவி இந்தக் கணக்கில் வளர்ச்சி உதவியாகச் சேராது. ஆகவே "உதவி பெறும் தகுதி போய்விட்டதே, எப்படிக் கொடுக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு விடை எளிது: ராணுவ நிதிக்கு அந்தப் பட்டியல் தடை இல்லை.

இஸ்ரேலின் தலா உற்பத்தி 50,000 டாலருக்கு மேல். 2010-லிருந்து அது ஓஇசிடி உறுப்பினர். மாலத்தீவு, மொரீஷியஸ் இரண்டும் 10,000 டாலரைத் தாண்டியவை. நாம் 3,000 டாலரை எட்டவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: தலா வருமானம் ஒரு நாட்டின் மொத்தப் பலத்தைக் காட்டாது. மாலத்தீவின் முழுப் பொருளாதாரமும் நம் ஒரு நடுத்தர நகரத்தின் அளவுக்குத்தான் வரும். சுற்றுலா ஒரு பருவம் படுத்தால் டாலர் கையிருப்பு கரைந்துவிடும்.

அமெரிக்கா இஸ்ரேலுக்குக் கொடுக்கும் பணம் எந்த வழியாகப் போகிறது?

2016-ல் ஒபாமா ஆட்சியில் கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தம் 2019 முதல் 2028 வரையிலான பத்து நிதியாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் என்று பேசியது. அதில் 3,300 கோடி ராணுவ நிதியுதவி, 500 கோடி ஏவுகணைத் தடுப்புக்கு. ஆண்டுக்கு 330 கோடியும் 50 கோடியும். அதற்கு முந்தைய பத்தாண்டு ஒப்பந்தம் 3,000 கோடி.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் பணம் போய்விடாது. அது சட்டப்படி கட்டாயப்படுத்தும் ஆவணமும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் அதிபர் பட்ஜெட்டில் கேட்க வேண்டும், நாடாளுமன்றம் ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய பிறகுதான் இஸ்ரேலுக்கான தனிச் சலுகைகள் தொடங்குகின்றன. பொதுவாக மற்ற நாடுகளின் பணம் அமெரிக்கக் கணக்கிலேயே இருந்து, ஆயுதத்துக்கான தவணை வரும்போது கழியும். இஸ்ரேலுக்கோ சட்டம் நிறைவேறிய 30 நாளுக்குள் மொத்தமாக நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வட்டி வரும் கணக்கில் போய்விடுகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வரப்போகும் பணத்தை நம்பி இன்றே பெரிய கொள்முதலுக்குக் கையெழுத்திடவும் அனுமதி உண்டு. இந்த இரண்டாவது சலுகையை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. நிறுத்துவதைக் கடினமாக்குவது அதுதான்: நாளை பணத்தை நிறுத்தினால் பாதியில் நிற்பது அமெரிக்கத் தொழிற்சாலையின் ஆர்டர்.

பணத்தில் ஒரு பகுதியை, முந்தைய ஒப்பந்தக் காலத்தில் 26.3 விழுக்காடு வரை, இஸ்ரேல் தன் சொந்த நாட்டு நிறுவனங்களிடமே செலவழிக்கலாம் என்ற விதியும் இருந்தது. வேறு நாடுகளுக்கு இது கிடையாது. 2028-க்குள் இது படிப்படியாகப் பூஜ்யமாக வேண்டும். அதாவது முழுத் தொகையும் அமெரிக்காவிலேயே செலவாக வேண்டும்.

போர்க்காலத்தில் கூடுதல் தொகை தனிச் சட்டமாக வரும். 2024 ஏப்ரலில் 870 கோடி டாலர் ராணுவ நிதி அப்படி வந்தது.

அப்போது அது அமெரிக்க நிறுவனங்களுக்குத்தானே போகிறது? அமெரிக்கருக்கு என்ன நஷ்டம்?

வரி கட்டுபவரிடமிருந்து வாங்கி ஆயுத நிறுவனத்திடம் கொடுக்கிறார்கள். செய்த பொருள் வேறொரு நாட்டுக்குப் போகிறது. வேலைவாய்ப்பு உண்டாவது உண்மை. அதே பணத்தை உள்நாட்டுப் பாலத்தில் போட்டாலும் வேலைவாய்ப்பு உண்டாகும், பாலமும் மிஞ்சும்.

எப்போது, எதற்காக இது ஆரம்பித்தது?

பெரிய தொகைகள் 1973 போருக்குப் பிறகு வந்தன. 1979-ல் எகிப்தும் இஸ்ரேலும் அமைதி ஒப்பந்தம் செய்தபோது இரண்டு நாட்டுக்குமே உதவி உறுதியானது. எகிப்துக்கு ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ நிதி இன்றுவரை அதன் தொடர்ச்சி. 1980-களின் நடுவில் இஸ்ரேலில் விலைவாசி ஆண்டுக்கு 400 விழுக்காட்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. 1985-ல் சீர்திருத்தத் திட்டத்தோடு சேர்த்து அமெரிக்கா 150 கோடி டாலர் அவசர உதவி தந்தது. அன்றைக்கு அது பணக்கார நாடு இல்லை. உதவி அன்றைய நிலைமைக்கு ஏற்பட்டது. நிலைமை மாறியபோது தொகை மாறவில்லை.

கொடுக்க வேண்டும் என்பவர்களின் பக்கம் என்ன நியாயம்?

அவர்கள் தரப்பில் வலுவானது இது: நட்பு நாட்டு உதவியைப் பிச்சையோடு ஒப்பிடவே கூடாது, மொய்யோடு ஒப்பிட வேண்டும். கல்யாண வீட்டுக்காரர் வசதியானவர் என்பதற்காக யாரும் மொய் எழுதாமல் திரும்புவதில்லை. நோட்டில் பெயர் ஏறும், நாளை நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பும். அதுபோல இஸ்ரேல் உளவுத் தகவல் தருகிறது. ஆயுதங்களைப் போர்க்களத்தில் சோதித்து முடிவுகளைப் பகிர்கிறது. அமெரிக்கப் பணம் போன அயர்ன் டோம் என்ற ராக்கெட் தடுப்பு அமைப்பில் இரண்டை அமெரிக்க ராணுவமே 2019-ல் வாங்கியது. தொகையும் அமெரிக்க வரவுசெலவில் சிறியது. 380 கோடி டாலரை மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 11 டாலர்.

இதில் பாதியை ஏற்கிறோம். ஆனால் மொய் நோட்டில் இரண்டு பக்கமும் எழுத்து இருக்கும். இங்கே ஐம்பது ஆண்டாக ஒரே பக்கம்தான் நிரம்புகிறது. மறுபக்கம் வருவதாகச் சொல்லப்படும் உளவுத் தகவலுக்கு விலைச்சீட்டு கிடையாது. இஸ்ரேல் அதை இலவசமாகத் தர மறுக்கும் என்றும் யாரும் நிரூபித்ததில்லை. அமெரிக்க நட்பு இல்லாமல் இருக்க முடியாதது இஸ்ரேலுக்குத்தான்.

பணம் கொடுத்தால் சொல்பேச்சு கேட்பார்கள் அல்லவா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

உதவியைப் பிடியாகப் பயன்படுத்த இரண்டு நிபந்தனைகள் வேண்டும். நிறுத்தினால் வாங்குபவருக்கு வலிக்க வேண்டும். நிறுத்துவேன் என்று சொல்வதை அவர் நம்ப வேண்டும். ஏழை நாட்டிடம் இரண்டும் அமையும். நம் அனுபவமே உண்டு. 1960-களில் அமெரிக்காவின் பொதுச் சட்டம் 480 வழியாக வந்த கோதுமையை நம்பி நாம் இருந்தோம். 1965, 1966-ல் மழை பொய்த்தது. அதே காலத்தில் வியட்நாம் மீதான குண்டுவீச்சை இந்தியா விமர்சித்தது; வேளாண் கொள்கையை மாற்று என்ற நெருக்கடியும் இருந்தது. அதிபர் ஜான்சன் கப்பல்களை மாதாமாதம் இழுத்துப்பிடித்து அனுப்பினார். அந்த அவமானம் பசுமைப் புரட்சிக்கு ஒரு முடுக்கம். கோதுமைக்காக நாம் ரூபாயில் கட்டிய பணம் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் மலைபோல் குவிந்தது. 1974-ல் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி அமெரிக்கத் தூதர் அதைத் தீர்த்தார்.

இப்போது இஸ்ரேலைப் பாருங்கள். 380 கோடி டாலர் அதன் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காடுகூட இல்லை. நிறுத்தினால் பட்ஜெட்டில் கஷ்டம் வரும், அடுப்பு அணையாது. எனவே முதல் நிபந்தனை போயிற்று. இரண்டாவது, அமெரிக்க உள்நாட்டு அரசியலில் இந்த நிதியை நிறுத்துவது எந்த அதிபருக்கும் எளிதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1991-ல் மூத்த புஷ், மேற்குக் கரைக் குடியேற்றங்களை முன்வைத்து 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தைத் தள்ளிவைத்தார். மறு ஆண்டு இஸ்ரேலில் ஆட்சி மாறிய பிறகு அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அண்மைக்காலத்தில் பிடி ஓரளவு வேலை செய்ததற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் இது. அதுவும் ஆண்டு மானியம் இல்லை, தனியாகக் கேட்ட உத்தரவாதம் என்பதைக் கவனியுங்கள். 2024 மே மாதம் பைடன் 2,000 பவுண்டு குண்டுகள் அடங்கிய ஒரே ஒரு சரக்கை நிறுத்தினார். போர் நிற்கவில்லை, அந்தச் சரக்கும் 2025 ஜனவரியில் விடுவிக்கப்பட்டது.

மனித உரிமை மீறும் படைப்பிரிவுக்கு உதவி கூடாது என்ற லீஹி சட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. அது படைப்பிரிவு வாரியாகச் சரிபார்க்கச் சொல்கிறது. மொத்தமாகப் பணம் போய், கொள்முதலும் மொத்தமாக நடக்கும்போது, எந்தத் துப்பாக்கி எந்தப் பிரிவுக்குப் போனது என்று பின்தொடர்வது சிரமம்.

வேறு என்ன கோளாறுகள் வருகின்றன?

பணத்துக்கு நிறம் கிடையாது. "தற்காப்புக்கு மட்டும்" என்று கொடுத்தாலும், அந்தச் செலவு மிச்சமானதால் சொந்தப் பணம் வேறு எதற்கோ நகரும். அந்த "வேறு எதற்கோ"வைக் கொடுத்தவர் கேட்க முடியாது.

வாங்குபவரின் சொந்தத் தொழிலும் அடிபடலாம். இஸ்ரேல் லாவி என்ற போர் விமானத்தைப் பெரும்பகுதி அமெரிக்கப் பணத்தில் உருவாக்கியது. அது அமெரிக்க விமானங்களுக்குப் போட்டியாகும் என்ற கவலை அமெரிக்காவில் எழுந்தது, செலவும் எகிறியது. 1987 ஆகஸ்டில் இஸ்ரேல் அமைச்சரவை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 12-க்கு 11 என்று, திட்டத்தைக் கைவிட்டது.

அப்புறம் பக்கத்து இலை. ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவரும் கேட்பார். தைவானுக்கும் 2023-ல் முதன்முறையாக இதே ராணுவ நிதித் திட்டத்திலிருந்து 8 கோடி டாலர் போனது. தைவானும் ஏழை இல்லை.

நிறுத்துவதென்றால் எப்படி நிறுத்துவது? ஒரே நாளிலா?

கூடாது, தேவையும் இல்லை. இதற்கு நடந்து முடிந்த முன்மாதிரி இருக்கிறது. 1996 ஜூலையில் நெதன்யாகுவே அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது பொருளாதார உதவியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். அதன்பின் வந்த ஏற்பாட்டில், ஆண்டுக்கு 120 கோடி டாலராக இருந்த பொருளாதார மானியம் ஒவ்வொரு ஆண்டும் 12 கோடி வீதம் குறைந்து 2008-ல் முடிந்தது. ஒரு நெருக்கடியும் வரவில்லை. ஓட்டை எங்கே என்றால், குறைத்ததில் பாதியை, ஆண்டுக்கு 6 கோடி வீதம், ராணுவ நிதியில் ஏற்றிவிட்டார்கள்.

எனவே செய்ய வேண்டியது: புதிய பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 33 கோடி டாலர் குறைப்பு, ஈடாக வேறு தலைப்பில் ஏற்றக் கூடாது என்ற வரி; வருங்கால ஒதுக்கீட்டை நம்பி இன்றே ஆர்டர் போடும் சலுகையை முதல் ஆண்டிலேயே நீக்குவது; மானியத்துக்குப் பதிலாக, கேட்டால் கடன். இது எங்கள் யோசனைதான். ஆனால் கடன் வழி ஏற்கெனவே நடப்பது: போலந்துக்கு 2023-ல் அமெரிக்கா இதே திட்டத்தின் கீழ் 200 கோடி டாலரைக் கடனாகத்தான் கொடுத்தது.

வசதியான நண்பருக்குக் கொடுத்தது சரி என்று சொல்ல உதாரணம் உண்டா?

உண்டு. 2010-ல் அயர்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்தபோது பிரிட்டன் 320 கோடி பவுண்டுக்கு மேல் கடன் கொடுத்தது, தனிச் சட்டம் போட்டு, வட்டியோடு. 2021-க்குள் முழுதும் திரும்பி வந்தது. அயர்லாந்து விழுந்திருந்தால் பிரிட்டனின் வங்கிகளுக்கும் ஏற்றுமதிக்கும் அடி விழுந்திருக்கும். தேவை உண்மையானது, தொகைக்கு முடிவுத் தேதி இருந்தது.

நாமும் கொடுத்திருக்கிறோம். 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது இந்தியா அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தது. 2011-ல் ஜப்பான் சுனாமிக்குத் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 46 பேர் போனார்கள். இரண்டு நாட்டுக்கும் நம் பணம் தேவைப்பட்டிருக்காது. ஆனால் ஒருமுறை கொடுப்பது பழக்கமாகி உரிமையாகாது.

இந்தியா தன்னைவிட வசதியான நாடுகளுக்கு எவ்வளவு கொடுக்கிறது?

2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் வெளிநாடுகளுக்கான உதவி ஏறத்தாழ 5,480 கோடி ரூபாய். ஆளுக்கு 39 ரூபாய் வரும். இதில் பூடானுக்கு 2,150 கோடி, நேபாளத்துக்கு 700, மாலத்தீவுக்கு 600, மொரீஷியஸுக்கு 500, இலங்கைக்கு 300. நேபாளம் நீங்கலாக மற்ற நான்கும் தலா வருமானத்தில் நம்மைவிட மேலே. ஒப்பிட வேண்டுமென்றால், அதே ஆண்டு புதுச்சேரி அரசின் மொத்த பட்ஜெட் 13,600 கோடி.

பூடான் கணக்கு எளிது. நீர்மின் நிலையம் கட்ட மானியமும் கடனுமாகக் கொடுக்கிறோம். சுக்கா, தாலா, மாங்தேச்சு நிலையங்களின் உபரி மின்சாரம் இந்தியாவுக்கு வருகிறது. மொரீஷியஸில் 2016-ல் கொடுத்த 35.3 கோடி டாலர் தொகுப்பில் மெட்ரோ ரயிலுக்கு மட்டும் 27.5 கோடி, கட்டியது இந்திய நிறுவனம். அகலேகா தீவில் இந்திய உதவியில் கட்டிய விமான ஓடுதளம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் அந்த இடத்தின் மதிப்பு வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். மொரீஷியஸ் பணத்தாளில் தமிழ் எழுத்து இருப்பதால் நமக்கு ஒரு பாசம் வரும். டெல்லி கொடுப்பது அதற்காக இல்லை.

மாலத்தீவில் கதை சிக்கல். 2023 அதிபர் தேர்தலில் முய்சு "இந்தியப் படையே வெளியேறு" என்று சொல்லி வென்றார். 2024 மே மாதத்துக்குள் படையினர் திரும்பி, அவர்கள் இடத்தில் சிவில் தொழில்நுட்பர்கள் போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்றமாகக் கொடுத்தோம். முதுகெலும்பில்லாத செயல் என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எங்கள் பார்வையில் அந்த ஏற்பாடு சரி: டாலர் உண்மையிலேயே தீர்ந்துகொண்டிருந்தது, திரும்பி வர வேண்டிய பணம், முய்சுவின் குரலும் அதற்குள் மாறியிருந்தது. ஆண்டு மானியத்தைப் பற்றி அதே உறுதியோடு சொல்ல மாட்டோம்.

மீனவர்களைப் பிடித்துப் படகைப் பறிக்கும் இலங்கைக்கு ஏன் உதவி?

காரைக்காலிலும் கடலூர்த் துறைமுகத்திலும் இந்தக் கேள்வி சூடாகத்தான் வரும். 2022-ல் இலங்கை கடன் கட்ட முடியாமல் நின்றபோது இந்தியா கொடுத்தது சுமார் 400 கோடி டாலர். அதில் 100 கோடி உணவு, மருந்து போன்றவற்றுக்கு ஸ்டேட் வங்கி வழியாகக் கடன். 50 கோடி எரிபொருளுக்குக் கடன். 40 கோடி நாணயப் பரிமாற்றம். மீதியில் பெரும்பகுதி தவணை ஒத்திவைப்பு. மிகப்பெரும் பங்கு மானியம் இல்லை.

பசிக்கும் மருந்துக்கும் நிபந்தனை போடக் கூடாது. அந்த வரிசையில் யாழ்ப்பாணமும் மலையகமும் நின்றன. ஆனால் 2022 ஆகஸ்டில் இலங்கைக் கடற்படைக்கு டோர்னியர் கண்காணிப்பு விமானம் கொடுத்தது வேறு வகை. அந்த மேசையில் பறிமுதல் படகுகளைப் பற்றி ஒரு வரி எழுதி வாங்கியிருக்கலாம் என்பது எங்கள் கருத்து. 2018-ல் இலங்கை அந்நியப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியது. இப்போது ஆளை விட்டாலும் படகு வருவதில்லை. அதேசமயம் நம் பக்க இழுவைமடியால், அதாவது கடலடியை வாரும் வலையால், வலை இழப்பவர்கள் அங்குள்ள வடக்குத் தமிழ் மீனவர்கள். 2017-லேயே இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. உதவியை நிறுத்தினால் இந்தச் சிக்கல் தீராது.

ஃபெஞ்சல் புயலுக்குக் கேட்டதைக் கொடுக்காத ஒன்றிய அரசுக்கு, வெளிநாட்டுக்குக் கொடுக்க மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது?

இரண்டும் வேறு வேறு பெட்டி. 2024 இறுதியில் ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழ்நாடு 2,000 கோடி இடைக்கால உதவி கேட்டது. ஒன்றிய அரசு விடுவித்த 944.80 கோடி, மாநிலப் பேரிடர் நிதியில் ஏற்கெனவே வரவேண்டிய தவணை. அந்த நிதியின் அளவை நிதி ஆணையம் முடிவு செய்கிறது. புதுச்சேரிக்கு இன்னும் மோசம்: சட்டமன்றம் இருந்தும் ஒன்றியப் பிரதேசம் என்பதால் நிதி ஆணையத்தின் வரம்பிலேயே வராது. ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தது புதுச்சேரி அரசு. கோபம் நியாயமானது. ஆனால் மாலத்தீவின் 600 கோடியை ரத்து செய்தால் அது கடலூருக்கு வந்துவிடாது. கேட்க வேண்டியது நிதி ஆணைய விதியை மாற்றச் சொல்லி.

வாங்கும் பக்கத்தில் நம் பகுதி அனுபவம் என்ன?

நெய்வேலி. 1956-ல் நிறுவனம் அமைந்தது. முதல் அனல்மின் நிலையம் சோவியத் கடனில், சோவியத் இயந்திரங்களோடு வந்தது. 1962-ல் முதல் அலகு ஓடியது, முழுத் திறன் 600 மெகாவாட், 2020-ல் மூடினார்கள். சுரங்கத்தின் வாளிச்சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியுடையவை. யார் கடன் கொடுக்கிறாரோ அவர் இயந்திரம். இயந்திரம் யாருடையதோ உதிரிபாகமும் அவரிடம்தான். இன்று நாமும் அதையே செய்கிறோம். ஏற்றுமதி இறக்குமதிக்கான அரசு வங்கியான எக்சிம் வங்கி வழியாக நாம் பிற நாட்டுக்குக் கொடுக்கும் கடனில், ஒப்பந்த மதிப்பில் 75 விழுக்காடு இந்தியப் பொருளும் சேவையுமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி.

2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது இந்தியா வெளிநாட்டு அரசுகளின் நிவாரணத்தை வேண்டாம் என்றது. மறுசீரமைப்புக்கு உலக வங்கிக் கடனை வாங்கியது. அதே வாரம் நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் நிவாரணம் கொண்டுபோயின. அண்மையில், பிரான்சின் வளர்ச்சி முகமை கடன் தந்த சிடிஸ் நகரத் திட்டத்தின் 12 நகரங்களில் புதுச்சேரியும் ஒன்று.

மாநில அரசு தானாக வெளிநாட்டுக்கு உதவலாமா?

முடியாது. வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு இலங்கைக்கு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்து என்று 123 கோடிக்கு அனுப்ப ஏப்ரல் 29-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசின் அனுமதி கேட்டது. கிடைத்த பிறகே மே 18-ல் முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது.

இந்தத் தொகைகளை நானே எப்படிச் சரிபார்ப்பது?

நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் தளத்தில் செலவின பட்ஜெட்டைத் திறந்து வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைக்குப் போங்கள். 3605 என்ற கணக்குத் தலைப்பில் பிற நாடுகளுக்கான தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்பும், 7605-ல் வெளிநாட்டு அரசுகளுக்கான கடனும் இருக்கும். எக்சிம் வங்கிக் கடன்கள் இங்கே வராது. வங்கியின் பட்டியலில் தனியாகப் பார்க்க வேண்டும்.

நான்கு நிரல்கள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்திகள் சறுக்குவது இங்கேதான். மாலத்தீவுக்கு 2024-25 மதிப்பீடு 400 கோடி, திருத்தியது 470, அடுத்த ஆண்டு 600. எதை எதோடு ஒப்பிட்டார் என்பதைப் பொறுத்து "50 விழுக்காடு உயர்வு" என்றும் எழுதலாம், "28 விழுக்காடு" என்றும் எழுதலாம். இரண்டும் பொய் இல்லை. உண்மைச் செலவு நிரல் வரும்வரை பொறுத்தால் போன பணம் தெரியும்.

அதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி வெளியுறவு அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால், வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் என்று 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுப்பதற்கு வழி கொடுத்தது போலாகும். நாடு, திட்டத்தின் பெயர், நிதியாண்டு, விடுவித்த தொகை, மானியமா கடனா, ஒப்பந்ததாரர் பெயர் என்று கேளுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதே கேள்வியை உங்கள் மக்களவை உறுப்பினரிடமும் கொடுங்கள். எழுத்துப்பூர்வ பதில் கோரும் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு போதும், பதில் நாடாளுமன்றத் தளத்தில் ஏறிவிடும்.